நுரை வருது, இலை நனையலையே?

கொளத்தூர் மாடித்தோட்டம், 2024 ஜூன் 9

மாடியில் செம்பருத்தி, கத்தரி, ஒரு தொட்டியில் சேப்பங்கிழங்கு வைத்திருக்கிறேன். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறேன். எண்ணெயைத் தண்ணீரில் கலக்கப் போடும் டீப்பால் என்ற சோப்புத் திரவத்தை, கெமிக்கல் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் கலக்கிறேன். நுரை அள்ளுகிறது. செம்பருத்தியில் ஓரளவு நிற்கிறது. சேம்பு இலையில் முத்து முத்தாக உருண்டு தரைக்குப் போய்விடுகிறது. கொட்டையைக் கூட்டினால் சரியாகுமா? இல்லை, இயற்கைப் பொருளால் இவ்வளவுதான் முடியுமா?

ஜூன் 9, இரவு

கொளத்தூர் மேடம், கொட்டையைக் கூட்டாதீர்கள். நுரைப்பது ஒரு வேலை, நனைப்பது வேறு வேலை.

நுரை நிற்க வேண்டுமென்றால் குமிழியின் தோல் கெட்டியாகவும் இழுத்தால் திரும்பக் கூடியதாகவும் இருக்க வேண்டும். பூந்திக்கொட்டையில் இருக்கும் சப்போனின் அதற்கென்றே செய்தது போன்ற பொருள். பெரிய மூலக்கூறு. நீர்ப்பரப்புக்கு வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தோல் போல நிற்கும். நனைவதற்கு வேண்டியது பரப்பு இழுவிசை, அதாவது நீர்ப்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை, நன்றாக இறங்குவது, அதுவும் சட்டென்று இறங்குவது. சுத்தமான தண்ணீருக்கு 25 டிகிரியில் அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். நல்ல சப்போனின் கரைசல் அதை ஏறக்குறைய 40 வரை கொண்டுவரும். பரப்பு நிரம்பிவிட்டால் அதற்குமேல் போடுகிற கொட்டையெல்லாம் தண்ணீருக்குள்ளேயே கொத்துக் கொத்தாகக் கூடிவிடும். மைசெல் என்பது அந்தக் கொத்துதான். இழுவிசை அங்கேயே நிற்கும், நுரை மட்டும் கூடும்.

ஜூன் 9, இரவு, தொடர்ச்சி

இலை என்ன கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1950களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் ஜிஸ்மன் ஒவ்வொரு திடப் பரப்புக்கும் ஓர் எண்ணைக் கண்டறிந்தார். திரவத்தின் இழுவிசை அந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் துளி முழுசாகப் பரவிவிடும். டெஃப்லானுக்கு 18, பாலித்தீனுக்கு 31, அக்ரிலிக்குக்கு 39. மெழுகில் மூலக்கூறுகளின் நுனிகள் மெத்தில் என்ற கார்பன்–ஹைட்ரஜன் தொகுதியாக வெளியே பார்த்து அடுக்கியிருந்தால் 22 முதல் 24. இலையின் மேல் மெழுகு இந்த வகையறா. 40-ல் நிற்கிற சப்போனின் தண்ணீர் 24 கேட்கிற பரப்பில் முழுசாகப் பரவ வழியே இல்லை.

அதற்காகப் பயப்பட வேண்டாம். மருந்து வேலை செய்ய முழுசாகப் பரவ வேண்டியதில்லை. துளி படுத்து ஒட்டிக்கொண்டால் போதும்.

ஜூன் 10

இதைப் படித்த ஆதம்பாக்கம் நண்பர் "சேம்பு இலைக்கு ரோஷம் ஜாஸ்தி, தாமரை இலைக்கு அண்ணன்" என்று எழுதியிருக்கிறார். ரசித்தேன், உண்மையும் கூட. 1997-ல் பார்த்லாட், நைன்ஹுய்ஸ் என்ற இரு ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் தாமரை இலையை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியதற்குப் பிறகுதான் இந்தப் பண்புக்கு உலகெங்கும் கவனம் கிடைத்தது. சின்னச் சின்ன மேடுகள், அவற்றின்மேல் மெழுகுத் துகள்கள், இடுக்கில் காற்று. துளி மெழுகின் நுனியையும் காற்றையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு இலையோடு நீருக்குள் ஆக்கும் கோணம், 150 டிகிரிக்கு மேல். இலை கொஞ்சம் சாய்ந்தாலே ஓடிவிடும்.

சொரசொரப்பு இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்பதைக் கவனியுங்கள். வழவழப்பான அதே மெழுகில் கோணம் 90-க்கு மேல் இருந்தால் சொரசொரப்பு அதை இன்னும் ஏற்றும். 90-க்குக் கீழே வந்துவிட்டால் அதே சொரசொரப்பு நீரை உள்ளே இழுக்கும். ஆகவே நமக்கு வேண்டியது அந்த 90-ஐத் தாண்டிக் கீழே வருவது. சேம்பு இலையில் "கொஞ்சம் நனைந்தது" என்ற நிலை அனேகமாக இருக்காது. ஓடும், இல்லையென்றால் ஒட்டும்.

ஜூன் 12

ஆவடி சார் சிலிக்கான் ஸ்டிக்கர், அதாவது மருந்தை இலையில் ஒட்டவைக்கும் திரவம், வாங்கச் சொல்கிறார். அந்த ட்ரைசிலோக்ஸேன் வகை இழுவிசையை 20, 21 வரை இறக்கும், மெழுகு கேட்கிற எண்ணுக்கும் கீழே. ஒரு துளி விட்டால் இலை முழுக்கப் பாயும். திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதே வகைப் பொருட்கள் தேனீக்களின் கற்கும் திறனைக் கெடுப்பதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. கத்தரியும் பூசணியும் பூத்திருக்கிற மாடியில் தேனீ வருவதற்காகத்தான் நாம் தவம் கிடக்கிறோம். தண்ணீர் அமிலமாகவோ காரமாகவோ போனால் அது சிதைந்து வலுவிழந்துவிடும் என்பதும் உண்டு, கலந்து வைத்துக்கொள்ள முடியாது. என் மாடிக்கு வேண்டாம்.

ஜூன் 13

இனி கலவை. நான் பல வருடம் துணி ஆலைகளுக்கான துணைப்பொருள் செய்யும் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்தவன். நனைப்பான் எதுவானாலும் எங்களுக்கு முதல் பரீட்சை ஒன்றுதான். வெளுக்காத பருத்தி நூல் சிட்டம் ஒன்றில் கொக்கியையும் எடையையும் மாட்டி, உயரமான கண்ணாடி ஜாடியில் இருக்கும் கரைசலில் விட வேண்டும். பருத்தியின்மேல் இயற்கையாகவே மெழுகு உண்டு. நூலுக்குள் காற்று இருக்கிற வரை சிட்டம் மிதக்கும். கரைசல் உள்ளே புகுந்து காற்றைத் தள்ளியதும் சட்டென்று மூழ்கும். எத்தனை நொடி என்பதுதான் மதிப்பெண். டிரேவ்ஸ் பரீட்சை என்பார்கள்.

அதில் நுரையைப் பார்த்து யாரும் மதிப்பெண் போட்டதில்லை. ஜாடியின் வாய்வரை நுரை தள்ளும் பொருளில் சிட்டம் பாட்டுக்கு மிதந்துகொண்டிருக்கும். நுரையே வராத இன்னொன்றில் விட்டதும் மூழ்கும். இரண்டு பொருட்களைத் தனித்தனியே போட்டால் ஆகும் நேரத்தைவிட, மொத்த அளவைக் கூட்டாமல் இரண்டையும் கலந்து போட்டால் நேரம் குறைவதை அங்கேதான் முதலில் பார்த்தேன். எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனதே அதனால்தான்.

ஜூன் 13, பின்னிரவு

ஏன் குறைகிறது என்று கேட்டிருக்கிறார்கள். பரப்புக்கு வந்து இழுவிசையை இறக்கும் பொருளைத்தான் சர்ஃபாக்டன்ட் என்கிறோம். அதன் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. மின்னூட்டம் உள்ள சர்ஃபாக்டன்டின் தலைகள் ஒன்றையொன்று தள்ளும். கடற்கரை–தாம்பரம் ரயிலில் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் ஒரே சீட்டின் இரு முனையில் உட்கார்ந்து நடுவில் இடத்தை வீணடிப்பது போல. யாரோடும் வம்பில்லாத ஒருவர் நடுவில் வந்து உட்கார்ந்தால் அதே சீட்டில் ஆள் கூடும். மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள் பரப்பில் செய்வது அதைத்தான். நெருக்கம் கூட, இழுவிசை இறங்குகிறது. மைசெல் கட்டும் அளவும் தனித்தனிப் பொருளுக்கு இருப்பதைவிடக் குறைவான இடத்துக்கு வரும். அதாவது குறைந்த பொருளில் அதே வேலை.

ஊர்ப்பொருள், செயற்கைப் பொருள் என்று பார்ப்பதைவிட நான் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். லிட்டருக்கு எத்தனை கிராம் சாக்கடைக்குப் போகிறது? கலவை அதைப் பாதியாக்கினால் அதுவே சூழலுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

சூழலுக்கு உகந்தவற்றில் நல்ல ஜோடி ஒன்று: சூடோமோனாஸ் பாக்டீரியா தரும் ராம்னோலிப்பிட், அதோடு ஆல்கைல் பாலிகிளைகோசைடு. முன்னதற்கு அமிலத் தலை உண்டு, சாதாரணத் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் எடுக்கும், இழுவிசையை 30-க்குக் கீழே இறக்கும். பின்னது தேங்காய் அல்லது பனைவிதை எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு ஆல்கஹாலையும் குளுக்கோஸையும் சேர்த்துச் செய்வது, மின்னூட்டம் இல்லை. ராம்னோலிப்பிடைப் பெரிய அளவில் செய்ய எவோனிக் நிறுவனம் ஸ்லோவாக்கியாவில் 2024-ல்தான் ஆலை திறந்தது. நமக்குச் சில்லறையில் எளிதாகக் கிடைப்பது கிளைகோசைடுதான்.

ஜூன் 14

கொளத்தூர் மேடத்துக்கு நேரடிப் பதில். பூந்திக்கொட்டைத் தண்ணீரைக் கைவிட வேண்டாம். அதோடு கிளைகோசைடு வகையைச் சேர்ந்த டெசில் குளுக்கோசைடு சேருங்கள். சோப்பு, ஷாம்பூ வீட்டில் செய்பவர்களுக்குச் சரக்கு விற்கும் கடைகளில் கிடைக்கும், பாதிக்குப் பாதி நீர் கலந்த கெட்டித் திரவமாக. லிட்டருக்கு 1 மில்லி, மிஞ்சிப்போனால் 2. அது மைசெல் கட்டும் அளவே லிட்டருக்கு ஒரு கிராமுக்குக் கீழேதான், அதைத் தாண்டி ஊற்றுவது காசுக்குக் கேடு. வேப்பெண்ணெய் 5 மில்லி. எண்ணெயை முதலில் கிளைகோசைடோடு குழைத்துவிட்டுப் பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், பால் போலக் கலங்கும். மாலையில் அடியுங்கள், வேம்பில் பூச்சியைக் கொல்லும் பொருளான அசாடிராக்டினை வெயில் சிதைத்துவிடும். முதல் தடவை ஒரே ஒரு இலையில் அடித்து, மறுநாள் கருகல் இல்லையென்றால் மற்றதற்குப் போங்கள்.

சின்ன மூலக்கூறு ஏன் வேண்டும் என்றால், தெளிப்பானிலிருந்து வரும் துளி இலையில் மோதி, விரிந்து, சுருங்கி எகிறுவதெல்லாம் மில்லிநொடிகளில் முடிந்துவிடும். சப்போனின் அதற்குள் புதிய பரப்புக்கு வந்து சேராது. பத்துக் கார்பன் வால் உள்ள கிளைகோசைடு அதைவிட வெகு சீக்கிரம் வந்துவிடும். அது துளியைப் படுக்க வைக்கிறது. சப்போனின் பின்னால் வந்து எண்ணெய்த் துளிகளைப் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது.

ஜூன் 16

வேளச்சேரி நண்பர் காதி சோப்பு போட்டால் வெள்ளை வெள்ளையாகத் திரிகிறது என்கிறார். போர் தண்ணி. கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். வாளியில் ஒட்டுகிற அந்த அழுக்கு வளையம்தான் தெளிப்பானின் மூக்கையும் அடைக்கிறது. சோப்பு அங்கேயே செலவாகிவிடுவதால் இலைக்குப் போவது வெறும் உப்புத் தண்ணீர். மெட்ரோ வாட்டரிலோ மழைநீரிலோ கரையுங்கள். போர் தண்ணிதான் என்றால் சோப்பை விட்டுக் கிளைகோசைடுக்கு வாருங்கள், அதில் மின்னூட்டம் இல்லாததால் கால்சியம் அதை ஒன்றும் செய்யாது.

ஜூன் 16, மாலை

"நுரை என்றாலே மெரினாதான் ஞாபகம் வருது, நாமும் அதைத்தானே செய்கிறோம்?" திருவொற்றியூரிலிருந்து வந்த கேள்வி. நல்ல கேள்வி.

2019 நவம்பர் கடைசியில் கடற்கரை நெடுகப் பனி மாதிரி நுரை வந்து நின்றது. பிள்ளைகள் அள்ளி விளையாடினார்கள், தோலுக்கு ஆகாது என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அதில் சுத்திகரிக்காத கழிவுநீரோடு வந்த சலவைப் பொருளுக்குப் பெரிய பங்கு. நம் சலவைத்தூள்களில் முக்கியமான சர்ஃபாக்டன்ட் லீனியர் ஆல்கைல்பென்சீன் சல்ஃபோனேட், சுருக்கமாக எல்.ஏ.எஸ். அதற்கான மூலப்பொருளான லீனியர் ஆல்கைல்பென்சீன் மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையிலேயே தயாராகிறது. எல்.ஏ.எஸ். கெட்ட பொருள் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன்னால் இருந்தது கிளைத்த வால் உள்ள வகை. பாக்டீரியாவால் அதைத் தின்ன முடியாமல் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளெல்லாம் நுரைத்தன. ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டு 1964-ல் அதை நிறுத்தியது. நேர்வால் உள்ள எல்.ஏ.எஸ். வந்ததே சூழலைக் காப்பாற்றத்தான்.

ஆனால் அது சிதைய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் உள்ள நீரில் வேகமாகப் போய்விடும். கூவத்தின் கருஞ்சேற்றில் ஏது ஆக்சிஜன்? அங்கே அப்படியே கிடக்கும். கிளைகோசைடு ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிதையும். சுத்திகரிப்புக்குப் போகாத வீட்டுத் தண்ணீர் இவ்வளவு இருக்கிற நம் ஊருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. ஐரோப்பாவில் சரியாக இருக்கும் ஒரு பொருள் அடையாற்றுக்கும் சரியாக இருக்கும் என்று நான் நம்பத் தயாரில்லை.

ஜூன் 17

பயோ என்சைம் நனைக்குமா? எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் புளித்த கரைசலில் இருப்பது பெரும்பாலும் அமிலங்கள். உப்புக்கறைக்கு நல்லது. நனைப்பானாக எண்ண வேண்டாம்.

ஜூன் 20

கிண்டியில் படிக்கும் தம்பி ஒருவர் டெஃப்லான், அக்ரிலிக் இரண்டிலும் ஒரே கலவையை வைத்துக் கோணம் அளந்திருக்கிறார். அக்ரிலிக் சுலபமாக நனையும் என்று எதிர்பார்த்தாராம். வெறும் தண்ணீருக்கு டெஃப்லானில் ஏறக்குறைய 110 டிகிரி, அக்ரிலிக்கில் 70-ஐ ஒட்டி. கலவை சேர்க்கச் சேர்க்க டெஃப்லானில் கோணம் கடகடவென்று இறங்குகிறது, அக்ரிலிக்கில் மெதுவாகத்தான் அசைகிறது. அளவீடு தவறோ என்று குழம்பியிருக்கிறார்.

அளவீடு தவறில்லை தம்பி. 1805-ல் தாமஸ் யங் சொன்ன சமன்பாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துளியின் விளிம்பில் மூன்று எல்லைகள் இழுக்கின்றன: நீருக்கும் காற்றுக்கும் நடுவே ஒன்று, திடத்துக்கும் நீருக்கும் நடுவே ஒன்று, திடத்துக்கும் காற்றுக்கும் நடுவே ஒன்று. நாம் இழுவிசை மானியில் பார்ப்பது முதலாவதை மட்டும். டெஃப்லான்மேல் சர்ஃபாக்டன்ட் நீர்–காற்று எல்லையில் எவ்வளவு குடியேறுகிறதோ ஏறத்தாழ அவ்வளவே நீர்–திட எல்லையிலும் குடியேறும், வாலைத் திடத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு. இரண்டு எல்லையும் சேர்ந்து இறங்குவதால் கோணம் விழுகிறது. அக்ரிலிக்கில் எஸ்டர் தொகுதிகள் இருப்பதால் தண்ணீரே ஓரளவு ஒட்டிக்கொள்ளும், சர்ஃபாக்டன்டுக்கு அங்கே அவ்வளவு இடம் கிடைக்காது. ஓர் எல்லை மட்டும் இறங்குகிறது.

அதனால் "இந்தக் கலவை நல்ல நனைப்பான்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எதன்மேல் என்று கேளுங்கள். உங்கள் அறிக்கையில் இந்த இரண்டு வரைகோடுகளையும் ஒரே படத்தில் போட்டால் பார்ப்பவருக்கு விளங்கிவிடும்.

ஜூன் 20, கொஞ்சம் கழித்து

மேலே சொன்னதன் மறுபக்கம் வீட்டிலேயே உண்டு. துணி மிருதுவாக்கியில் அலசிய குளியல் துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கும். பருத்தி தண்ணீரில் எதிர்மின்னூட்டம் எடுக்கும். மிருதுவாக்கியில் இருப்பது நேர்மின்னூட்டத் தலை. தலை துணியில் ஒட்டிக்கொண்டு கொழுப்பு வாலை வெளியே நீட்டிவிடும். சர்ஃபாக்டன்ட் போட்டதாலேயே பரப்பு நனையாமல் போகிறது! துண்டுக்கு மட்டும் மிருதுவாக்கி போடாதீர்கள்.

ஜூன் 23

மயிலாப்பூர் மேடம் பட்டுக்குப் பூந்திக்கொட்டை சரிதானா, இனி கிளைகோசைடா என்று கேட்கிறார். பட்டுக்குப் பூந்திக்கொட்டையே இருக்கட்டும். பட்டு புரதம், காரம் அதற்கு ஆகாது. சலவை சோப்பு காரம், பூந்திக்கொட்டைத் தண்ணீர் லேசான அமிலப் பக்கம். புடவையை ஆற அமர ஊறவிடுகிறோம், மில்லிநொடிக் கணக்கு அங்கே கிடையாது. மெதுவான மூலக்கூறுக்கும் நேரம் போதும்.

ஜூன் 30

வீட்டில் பரிசோதிக்க விரும்புபவர்களுக்கு. ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில் கரைசலை எடுத்து மெதுவாகச் சொட்டவிட்டு எண்ணுங்கள். இழுவிசை குறையக் குறையச் சொட்டு சிறுக்கும், அதே 1 மில்லிக்குச் சொட்டு எண்ணிக்கை கூடும். பிறகு இலையைத் தட்டில் ஒட்டி, ஒரு சொட்டு வைத்து, செல்போனைத் தட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் படம் எடுங்கள்.

நானும் வாழை, செம்பருத்தி, சேம்பு மூன்றிலும் எடுத்தேன். செம்பருத்தியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரே படுத்துவிடுகிறது. வாழை இலையில் அது குவிந்துதான் நிற்கிறது, பந்தியில் இலைமேல் தெளிக்கிற தண்ணீரைக் கையால் தள்ளிப் பரப்புகிறோமே, அந்த மெழுகுதான். கலவை போட்டால் தட்டையாகிறது. சேம்பில் கொட்டைத் தண்ணீர் உருண்டது. கலவைச் சொட்டு நின்றது, ஆனால் தட்டையாகவில்லை, அரைக்கோளத்தைவிடக் கொஞ்சம் தாழ்வு. இலையைச் சாய்த்தும் ஓடவில்லை. எனக்கு இது போதும். சிலிக்கான் இல்லாமல் சேம்பு இலையில் மருந்து நிற்கிறது.

தனிக் கிளைகோசைடும் கிட்டத்தட்ட அதே அளவு நனைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொட்டைத் தண்ணீரின் பங்கு எண்ணெய் மேலே வந்து மிதக்காமல் இருந்ததில்தான் தெரிந்தது. நனைக்க மட்டும் வேண்டும், எண்ணெய் இல்லை என்பவர்கள் கொட்டையை விட்டுவிடலாம்.

ஜூலை 7

எல்லோரும் கவனிக்க வேண்டியது ஒன்று. அல்லித்தொட்டியில் கொசுப்புழுவுக்காகக் கப்பி மீன் விட்டிருப்பவர்கள் அதன் பக்கத்தில் பூந்திக்கொட்டைத் தண்ணீரைத் தெளிக்காதீர்கள், கழுவிய தண்ணீரையும் விடாதீர்கள். சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும். சப்போனின் உள்ள தாவரங்களை நசுக்கி நீரில் கரைத்து மீனை மயங்க வைத்துப் பிடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. மரத்திலிருந்து வந்தது என்பதால் எல்லா உயிருக்கும் நல்லது என்று ஆகாது.

சூழலுக்கு உகந்தது என்று ஒரு பொருளை அழைக்க நான் மூன்றைப் பார்ப்பேன். 28 நாளில் 60 சதவீதமாவது சிதைகிறதா என்று பார்க்கும், ஓ.ஈ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசோதனை. ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் சிதைகிறதா. சிதைவதற்குள் மீனையும் தேனீயையும் என்ன செய்கிறது. பாட்டிலின் பச்சை லேபிளில் இந்த மூன்றும் அனேகமாக இருக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

ஜூலை 8

கொளத்தூர் மேடம் செம்பருத்தியில் மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சு கரைந்து பூச்சி பழுப்பாகத் தெரிகிறது என்று படம் போட்டிருக்கிறார். அந்தப் பஞ்சும் மெழுகுதான். கலவை இலையைவிட முக்கியமாக நனைக்க வேண்டியது அதைத்தான். குருத்தின் இடுக்கையும் இலையின் அடியையும் விட்டுவிடாமல் அடியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி அடியுங்கள், முட்டையிலிருந்து வருவது மிச்சம் இருக்கும்.

ஜூலை 8, இரவு

கரைசலை எத்தனை நாள் வைக்கலாம்? இந்த ஊர் வெயிலில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் வெளியே இருந்தால் சீக்கிரம் புளித்து நாறும். காய்ச்சி, வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள், வேண்டும்போது ஒரு கட்டி. கிளைகோசைடையும் வேப்பெண்ணெயையும் அடிக்கிற அன்றைக்கு மட்டும் சேருங்கள், மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.